முடியாது என்று சொன்ன பிறகு

கேள்வி: என் அக்கா தினமும் ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் செய்து, கணவரோடு நடந்த சண்டைகளைச் சொல்லி ஒரு மணி நேரம் அழுகிறாள். கேட்டுக் கேட்டு எனக்குத் தூக்கம் போய்விட்டது. போன மாதம் துணிந்து, “இனிமே ராத்திரியில பேச முடியாதுக்கா” என்றேன். அன்றிலிருந்து ஒரே ராத்திரியில் ஏழெட்டு தடவை கூப்பிடுகிறாள். “நான் உனக்குப் பாரமாயிட்டேன்ல” என்று குரல் பதிவு வேறு. மனசு கேட்காமல் எடுத்துவிடுகிறேன். நான் சொன்னதே தப்போ?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சொன்னதில் தப்பே இல்லை. ஏழாவது தடவை எடுத்தீர்களே, சிக்கல் அங்கேதான்.

லிஃப்ட் வரவில்லை என்றால் பொத்தானை என்ன செய்கிறோம்? விட்டுவிட்டுப் படியேறுகிறோமா? முதலில் நாலு தடவை அழுத்துவோம், இன்னும் பலமாக. இத்தனை நாள் பலன் தந்த ஒன்று திடீரென்று பலன் தராமல் போனால், அந்தப் பழக்கம் குறைவதற்கு முன் கொஞ்ச நாள் கூடும். ஆய்வுக்கூடத்து எலியும் அப்படித்தான், நாமும் அப்படித்தான். உங்கள் அக்கா கெட்டவளாகிவிட்டாள் என்றோ, உங்கள் பேச்சு எடுபடவில்லை என்றோ நினைக்காதீர்கள். எடுபட ஆரம்பித்ததால்தான் இத்தனை அழைப்பு.

இன்னொன்று. எப்போதாவது மட்டும் பலன் கிடைக்கும் பழக்கம், எப்போதும் பலன் கிடைத்த பழக்கத்தைவிடப் பிடிவாதமாக நிற்கும். ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்ற இரு உளவியலாளர்கள் 1957-இல் தடித்த புத்தகமாகவே எழுதிவைத்த விஷயம் இது. சூதாட்ட இயந்திரத்தின் முன்னால் மனிதர்கள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பதும் இதனால்தான். ஆறு தடவை விட்டுவிட்டு ஏழாவதில் எடுக்கும்போது, ஏழு தடவை அடித்தால் எடுப்பாள் என்று அக்காவுக்கு நீங்களே கற்றுக்கொடுக்கிறீர்கள். அதற்கு முதல் மணியிலேயே எடுத்துவிடுவது மேல்!

இனி, வார்த்தைக்கு வருவோம். போன் அடிக்கும் ராத்திரியில் சொல்லாதீர்கள். பகலில், இருவரும் நிதானமாக இருக்கும்போது சொல்லுங்கள்: “அக்கா, ஒன்பதரைக்கு மேல நான் போன் எடுக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானே கூப்பிடுறேன், நிதானமாப் பேசலாம்.” கவனியுங்கள், ‘நீ கூப்பிடாதே’ என்று இதில் எங்கும் இல்லை. கூப்பிடுவது அவள் கையில், எடுப்பது உங்கள் கையில். உங்கள் கையில் இருப்பதைப் பற்றி மட்டும் பேசினால் சண்டைக்கு இடம் குறையும்.

காரணங்களை அடுக்காதீர்கள். தலைவலி என்றால் மாத்திரை போட்டுக்கொண்டு வா என்பாள். காலையில் வேலை என்றால் பத்தே நிமிஷம் என்பாள். எனக்குத் தூக்கம் வேண்டும், அது ஒன்று போதும். “பாரமாயிட்டேனா?” என்று கேட்டால், “இல்லக்கா. ஞாயிறு பேசலாம்.” மறுபடி கேட்டாலும் அதே வரி, அதே குரலில். மானுவல் ஸ்மித் என்ற உளவியலாளர் 1970-களில் பரப்பிய முறை இது. கீறல் விழுந்த இசைத்தட்டு என்றே அதற்குப் பெயர்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவறவே கூடாது. நீங்கள் ராத்திரி எடுக்காததை அவள் பொறுத்துக்கொள்வதே அந்த ஒரு அழைப்பை நம்பித்தான். சொல்லிவிட்டு மறந்தால் அவள் கோபம் நியாயம்.

ஒரே விலக்கு: அடிக்கிறார் என்றோ, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்றோ அக்கா சொன்னால் இந்த விதிகள் எதுவும் கிடையாது. அப்படியானால் ‘அவசரம்’ என்று ஒரு வரி அனுப்பும்படி முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். எந்த நேரமானாலும் எடுங்கள். தனியாகச் சுமக்காமல் நம்பிக்கையான இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல்யாணமாகி இரண்டு வருடம். “பழைய சிநேகிதிகள் யாரோடும் பேசக் கூடாது, போன் பாஸ்வேர்டு எனக்குத் தெரியணும், இது என்னோட எல்லை” என்கிறாள் மனைவி. எல்லையை மதிக்க வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மதிக்கவா?
— குழம்பிய கணவன்

பதில்: நான் எழுதியதை எனக்கே திருப்பிவிட்டீர்கள், நல்லது. ஆனால் உங்கள் மனைவி கோடு போட்டிருப்பது உங்கள் நிலத்தில். அது உங்களுக்கான சட்டம். “ஒளித்து வைக்கிறவரோடு என்னால் வாழ முடியாது” என்று அவர் சொன்னால், அது அவருடைய எல்லை. அதைக் கேட்டு என்ன செய்வது என்று நீங்கள் முடிவெடுக்கலாம்.

“உனக்கு என்ன பயம்னு சொல்லு, எவ்வளவு நேரமானாலும் கேட்கிறேன். சிநேகிதத்தை விட மாட்டேன், போனையும் கொடுக்க மாட்டேன்.” இந்த இரண்டு வரியையும் சேர்த்தே சொல்லுங்கள். முதல் வரியை விட்டால் முரட்டுத்தனம், இரண்டாவதை விட்டால் சரணாகதி.

ஒரு சந்தேகம் மட்டும். உங்கள் கடிதத்தில் எழுதாமல் விட்ட பாரா ஏதாவது இருக்கிறதா? முன்பு ஒரு பொய் பிடிபட்டிருந்தால் என் பதில் மாறும். உடைந்த நம்பிக்கையை ஒட்டுகிற காலத்தில், கொஞ்ச நாளைக்கு வழக்கத்தைவிட அதிகமாக நீங்களாகவே திறந்து காட்ட வேண்டியிருக்கலாம். எழுதுங்கள்.

கேள்வி: “நீங்கதான் வேகமா முடிப்பீங்க” என்று புகழ்ந்தே தன் வேலையை என்னிடம் தள்ளிவிடுகிறார் உடன் வேலை பார்ப்பவர். முகத்துக்கு நேரே மறுக்க வரவில்லை.

பதில்: தாட்சண்யம் தன நாசம் என்பார்கள். உங்கள் விஷயத்தில் நாசமாவது சாயங்காலங்கள்.

அவர் திட்டம் போட்டுச் செய்கிறார் என்று நினைக்கிறீர்கள். அவசியமில்லை. முகத்துக்கு நேரே மறுப்பது எவ்வளவு சங்கடம் என்பதை உதவி கேட்பவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று ஃப்ளின், லேக் என்ற இருவர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். நீங்கள் சந்தோஷமாகச் செய்கிறீர்கள் என்றே அவர் நம்பிக்கொண்டிருக்கலாம்.

‘பார்க்கிறேன்’ என்ற பதிலை முதலில் விடுங்கள், அது அவர் காதில் சரி என்றுதான் விழும். உடனே மறுக்க வரவில்லையா? “கையில இருக்கிற வேலையைப் பார்த்துட்டு மூணு மணிக்குச் சொல்றேன்” என்று தள்ளிப்போடுங்கள். மூன்று மணிக்கு அவர் வந்து நிற்கும்வரை காத்திருக்காமல் நீங்களே போய், “இந்தத் தடவை என்னால முடியாதுங்க” என்று சொல்லிவிட்டு வந்து உட்காருங்கள்.