உப்புவெளி ஜீப்புக்கு ஏன் இத்தனை தாகம்?

கேள்வி: அண்ணா, என்னிடம் 1987ஆம் ஆண்டு சுசுகி எஸ்ஜே413 ஜீப் இருக்கிறது. மாமாவிடம் வாங்கியது. வீடு உப்புவெளி, வேலை கந்தளாயில், கிழமையில் 5 நாள் போய் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நிலாவெளி மணலுக்குள் இறக்குவேன். லீற்றருக்கு 8 கிலோமீற்றர்தான் ஓடுகிறது, மாமா வைத்திருந்த காலத்தில் 11 ஓடியதாம். காபுரேற்றரை இரண்டு தரம் கழற்றிக் கழுவி ரியூன் பண்ணியாயிற்று. பெரிய ரயர் (235/75) போட்டிருக்கிறேன், மேலே கரியரும் இருக்கிறது. கராஜில் எஞ்சினையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?
– வாசகர், உப்புவெளி

பதில்: வேண்டாம் தம்பி. எஞ்சின் புகைக்கிறது, ஒயில் குடிக்கிறது, ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று ஒரு வார்த்தைகூட நீங்கள் எழுதவில்லை. இழுக்கிற எஞ்சினை ஏன் மாற்ற வேண்டும்?

முதலில் அந்த 8 என்ற கணக்கையே நான் நம்பவில்லை. உங்கள் ஜீப்புக்குக் கம்பனி போட்ட ரயர் 205/70, 15 அங்குல ரிம். அதன் விட்டம் 668 மில்லிமீற்றர். நீங்கள் போட்டிருக்கிற 235/75 ரயரின் விட்டம் 733. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 10 சதவீதம் கூடுதலான தூரம் ஓடுகிறது, ஆனால் மீற்றருக்கு அது தெரியாது, அது பழைய ரயர் என்று நினைத்தே எண்ணிக்கொண்டிருக்கிறது. மீற்றர் 240 கிலோமீற்றர் காட்டினால் உண்மையில் ஓடியது 264. அதற்கு 30 லீற்றர் போயிருந்தால் லீற்றருக்கு 8 அல்ல, 8.8. சந்தேகம் என்றால் தொலைபேசியில் உள்ள வழிகாட்டியைப் போட்டு கந்தளாய் வரை ஒருதரம் ஓடி மீற்றரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இனிமேல் அளக்கிறபோது ஒரே பெற்றோல் செட்டில், ஒரே பம்பில் தாங்கியை நிரப்புங்கள், குறைந்தது 200 கிலோமீற்றர் ஓடிவிட்டு அங்கேயே திரும்ப நிரப்பி வகுத்துப் பாருங்கள். ஆயிரம் ரூபாவுக்கு அடித்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிற கணக்கெல்லாம் கணக்கே இல்லை.

சரி, கணக்கு திருந்திவிட்டது என்பதற்காகப் பெரிய ரயர் நல்லது என்று அர்த்தமில்லை. அது பாரம், உருள்வதற்கும் கஷ்டம், 1.3 லீற்றர் எஞ்சினுக்கு ஐந்தாவது கியர் சுமையாகிவிடும், நீங்கள் அடிக்கடி நான்குக்கு இறங்குவீர்கள். அடுத்த முறை ரயர் மாற்றும்போது பழைய அளவுக்கே போங்கள். நல்ல ரயரை இப்போதே கழற்றி எறியச் சொல்லமாட்டேன், அந்தக் காசுக்கு எத்தனையோ லீற்றர் அடிக்கலாம்.

இப்போது போனட்டைத் திறப்போம். நம்மூரில் பழைய ஜீப்பைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது தேர்மோஸ்டாட்டை, எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை றேடியேற்றருக்குப் போகவிடாமல் மறிக்கிற சின்ன வால்வு அது. "இது சூடான நாடு, இது எதற்கு" என்று சொல்லி அதைக் கழற்றி எறிகிற பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. நானே எறிந்திருக்கிறேன், ஏதோ எஞ்சினுக்குப் புண்ணியம் செய்கிற நினைப்பில். அது இல்லாவிட்டால் தண்ணீர் ஓயாமல் றேடியேற்றருக்குள் ஓடும், ஓட்டத்தில் காற்றும் அடிக்கும்போது எஞ்சின் தன் சூட்டுக்கு வரவே வராது. குளிர்ந்த எஞ்சினுக்குள் பெற்றோல் சரியாக ஆவியாவதில்லை, ஒயிலும் தடிப்பாகவே நிற்கும். உங்களுடையது தானாகத் திறக்கிற சோக் (குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைக்கிற தகடு) உள்ள காபுரேற்றர் என்றால் இன்னும் மோசம், அந்தச் சோக் திறப்பதே சூடான தண்ணீரின் தயவில்தான். தண்ணீர் சூடாகாவிட்டால் அது பாதி மூடியபடியே கந்தளாய் வரை போகும். நீங்கள் காபுரேற்றரை இரண்டு தரமல்ல, இருபது தரம் கழுவினாலும் இது மாறாது. கையால் இழுக்கிற சோக் என்றால், கேபிள் முழுதாகத் திரும்புகிறதா என்று எயார் பில்டரைக் கழற்றி உள்ளே பாருங்கள். தகடு நிமிர்ந்து நிற்க வேண்டும்.

கண்டுபிடிப்பது சுலபம். தம்பலகாமச் சந்தியைத் தாண்டுகிறபோது வெப்பமானி முள் எங்கே நிற்கிறது? நடுவுக்குக் கிட்ட வராமல் அடியிலேயே படுத்திருந்தால் தேர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி இறுகிவிட்டது. புதிதாக ஒன்று போடுங்கள், எஞ்சின் விலையோடு பார்த்தால் அது தேநீர்க் காசு. போட்டபின் எஞ்சின் கொதித்தால் தப்பு தேர்மோஸ்டாட்டில் இல்லை, பெரும்பாலும் றேடியேற்றர் அடைத்திருக்கிறது, அதைத்தான் இதுவரை மறைத்து வைத்திருந்திருக்கிறார்கள்.

அப்புறம் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் மண்ணிறம் என்றால் நல்லது. கரி பிடித்துக் கறுப்பாக இருந்தால் பெற்றோல் கூடப் போகிறது. ஒயில் குச்சியையும் முகர்ந்து பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். ஒயில் மட்டம் தானாக ஏறி, பெற்றோல் மணமும் வந்தால் பெற்றோல் பம்புக்குள் இருக்கிற டயஃப்ரம் என்ற மெல்லிய தோல் கிழிந்திருக்கலாம், பெற்றோல் நேரே ஒயிலுக்குள் இறங்குகிறது. அது எரிபொருள் நட்டம் மட்டுமல்ல, பெயரிங்குகளையும் தின்றுவிடும், அன்றைக்கே திருத்துங்கள். பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடுகிற டிஸ்ரிபியூட்டரிலிருந்து காபுரேற்றருக்குப் போகிற மெல்லிய குழாய் ஒன்று இருக்கும். காபுரேற்றர் பக்கத்தைக் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். நல்லதென்றால் நாக்கு ஒட்டிக்கொண்டு நிற்கும், காற்று சும்மா வந்தால் டிஸ்ரிபியூட்டர் பக்கத்து டயஃப்ரம் கிழிந்துவிட்டது. மெல்ல மிதித்து ஓடும்போது தீப்பொறியை முன்கூட்டி அடிக்க வைப்பது அதுதான், கிழிந்தால் ஜீப் ஓடும், ஆனால் கூடக் குடித்துத்தான் ஓடும். என் அனுபவத்தில் கராஜ்களில் யாரும் பார்க்காத இடம் இது.

இனி, கடலுக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கான சங்கதி. உப்புக் காற்று முன் பிறேக்கின் கலிப்பர் ஊசிகளையும் பின் டிரம்முக்குள் இருக்கிற சின்னச் சின்னக் கம்பிகளையும் இறுக்கிவிடும். பிறேக்கை விட்டாலும் அது முழுதாக விடாது, நீங்கள் நாள் முழுக்கப் பிறேக்கை மெல்லப் பிடித்தபடி ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். நல்ல ஓட்டம் ஓடிவிட்டு, பிறேக் அதிகம் போடாமல் உருட்டி நிறுத்தி, நான்கு சில்லின் நடுவிலும் கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதுதான் கள்ளன். ஜக் அடித்துத் தூக்கிக் கையால் சுற்றினாலும் தெரிந்துவிடும். மணலில் இறங்கும்போது ரயர்க் காற்றைக் குறைப்பீர்கள்தானே, திங்கட்கிழமை காலை அதை ஏற்றுகிறீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். தார் ரோட்டுக்கு நான் 26 வைக்கிறேன், 15இல் கந்தளாய் போனால் ரயரும் பெற்றோலும் சேர்ந்து போகும்.

முன் சில்லு ஹப் (சில்லை முன் அக்சிலோடு பூட்டவும் விடவும் நடுவில் உள்ள திருகி) இரண்டும் ஃப்ரீயில் இருக்கிறதா என்றும் பாருங்கள். லொக்கில் இருந்தால், இரண்டு சில்லு ஓட்டத்தில் கியர் இருந்தாலும், முன் அக்சிலும் நீண்ட சாஃப்ற்றும் வீணாகச் சுற்றும். நட்டம் பெரிதல்ல, ஆனாலும் கிடைத்தவரை மிச்சம். நான்கு சில்லு ஓட்டத்தைக் காய்ந்த தார் ரோட்டில் போடவே கூடாது, முன் சில்லையும் பின் சில்லையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற நடு டிஃபரன்சியல் இந்த ஜீப்பில் இல்லை, முறுக்கு எல்லாம் ரயரிலும் கியரிலும் போய் விழும்.

கடைசியாகக் கரியரும் வேகமும். இந்த ஜீப்பின் முன்பக்கம் ஒரு சுவர். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது, 60இல் போவதைவிட 80இல் ஏறக்குறைய 1.8 மடங்கு. மே, யூனிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கந்தளாய்ப் பக்கம் போகிறவருக்கு அது முகத்தில் அடிக்கும். நீங்கள் 70இல் போக, எதிர்க்காற்று 25 என்றால், காற்றைப் பொறுத்தவரை ஜீப் 95இல் போகிறது. அதற்கு மேல் வெறுங்கரியரையும் ஏன் சுமக்கிறீர்கள்? கழற்றி வீட்டில் வையுங்கள். 60, 65க்குள் போங்கள், கால் மணித்தியாலமும் பிந்தாது. ஒரு பக்க ஓட்டத்தை வைத்தும் கணக்குப் பார்க்க வேண்டாம், போய் வந்ததைச் சேர்த்துப் பாருங்கள்.

மாமா சொன்ன 11 பொய்யில்லை, நல்ல நிலையில் உள்ள எஸ்ஜே413 அதைத் தரும். 15 தரும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். போக வர 90 கிலோமீற்றர், 5 நாளைக்கு 450. லீற்றருக்கு 8.8 என்றால் 51 லீற்றர், 11 என்றால் 41. கிழமைக்கு 10 லீற்றர் மிச்சம். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்கு ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று தந்தபோது, சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்தபடி நாங்கள் வரிசையில் நின்றோமே, அப்போது 10 லீற்றர் என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும்.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய டைஹற்சு டெரியோஸ், ஒட்டோ கியர். உவர்மலையிலிருந்து டவுணில் உள்ள பாடசாலைக்குப் போய் வருவேன், அவ்வளவுதான் ஓட்டம். லீற்றருக்கு 7 கூட வருவதில்லை. ஒரு சாஃப்ற்றைக் கழற்றிவிட்டால் இரண்டு சில்லில் ஓடி மிச்சம் வரும் என்கிறார் ஒருவர். செய்யலாமா?
– ஆசிரியை ஒருவர், உவர்மலை

பதில்: ரீச்சர், தயவுசெய்து வேண்டாம். மேலே தம்பியின் ஜீப்பும் உங்கள் டெரியோஸும் வேறு வேறு சாதி. அந்தத் தலைமுறை நான்கு சில்லு டெரியோஸில் எப்போதும் நான்கு சில்லும்தான் இழுக்கும், நடுவில் ஒரு டிஃபரன்சியல் இருக்கிறது. ஒரு சாஃப்ற்றைக் கழற்றினால் விசை எல்லாம் அந்த வெறும் பக்கத்தால் ஓடிவிடும், வாகனம் நின்ற இடத்தில் நிற்கும். அசைய வைக்க, நடு டிஃபரன்சியலைப் பூட்டுகிற லொக்கைப் போட்டபடி ஓட வேண்டும், அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல. அந்த டிஃப் லொக் பொத்தான் யாராவது அமத்தியபடி கிடக்கிறதா என்று மட்டும் பாருங்கள். திரும்பும்போது ஸ்டியரிங் இறுகினால், ரயர் கீச்சிட்டால் அதுவாக இருக்கலாம்.

உங்கள் உண்மையான பிரச்சினை ஓட்டம் குறைவு. இரண்டு மூன்று கிலோமீற்றருக்குள் எஞ்சின் சூடேறுவதில்லை, சூடேறும்வரை கொம்பியூட்டர் கூடுதல் பெற்றோலைத்தான் ஊற்றும். அதற்குள் நீங்கள் பாடசாலை வாசலுக்கு வந்துவிடுவீர்கள். பிள்ளையின் ரியூசன், சந்தை, வங்கி எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் சேர்த்துவிட்டால் வித்தியாசம் தெரியும். வீட்டு வாசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு காத்திருப்பதையும் விடுங்கள். நீண்ட ஓட்டத்திலும் 7தான் என்றால், வெப்ப சென்சர், ஒட்சிசன் சென்சர் இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள், தேர்மோஸ்டாட் கதை உங்களுக்கும் பொருந்தும். கோட்டைப் பக்கம் மான்கள் ரோட்டுக்கு வருகிற நேரம் மட்டும் சிக்கனத்தை மறந்துவிட்டு மெதுவாகப் போங்கள்.

கேள்வி: பெற்றோல் குழாயில் காந்தம் கட்டினால் மிச்சம் வருமா? ஒக்டேன் 95 அடித்தால்? கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால்?
– வாசகர், கிண்ணியா

பதில்: நானா, மூன்றுக்கும் இல்லை. காந்தம் பெற்றோலை ஒன்றும் செய்யாது. ஒழுங்காக ரியூன் செய்த எஞ்சினில் பெற்றோல் ஏறக்குறைய முழுதும் எரிந்துதான் போகிறது, நட்டமெல்லாம் சூடாகப் போகிறது, காந்தத்தால் அதைப் பிடிக்க முடியாது. 95 என்பது அழுத்தம் கூடிய எஞ்சின் தட்டாமல் இருப்பதற்கு. மேலே தம்பியுடையதுபோன்ற பழைய சுசுகிக்கு 92 போதும், கூடக் கொடுக்கிற காசு பெற்றோல் செட்டுக்கு லாபம். மண்ணெண்ணெய் எஞ்சினைத் தட்ட வைக்கும், எரியாத மிச்சம் ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணீராக்கும். 2022இல் கலந்தவர்கள் பிறகு எஞ்சின் பிரித்ததைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஜிம்னிக்கு டீசல் எஞ்சின் போடலாமா?
– வாசகர், மூதூர்

பதில்: போடலாம், போட்டு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். எஞ்சின், அதைத் தாங்கப் புது மவுன்ட், முன் ஸ்பிரிங், கியர் பொருத்தம், பிறகு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் இலக்கத்தையும் எரிபொருளையும் மாற்றிப் பதிவது. இந்தச் செலவையெல்லாம் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் உங்கள் மாதப் பெற்றோல் காசையும் எழுதிப் பாருங்கள். கிழமைக்கு ஒருநாள் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டுகிற ஜீப் என்றால் பல வருடத்துக்கும் அந்தக் காசு திரும்பாது.

கேள்வி: ஹப்பை எப்போதும் ஃப்ரீயில் விட்டால் முன் அக்சில் துருப்பிடிக்காதா?
– வாசகர், குச்சவெளி

பதில்: ஒயில் ஓடாமல் சும்மா கிடந்தால் சீல் காயும், துருவும் பிடிக்கும், நீங்கள் பயப்படுவது சரி. மாதம் ஒருதரம் லொக் பண்ணி, தாரில் இரண்டு சில்லு ஓட்டத்திலேயே 15 கிலோமீற்றர் ஓடுங்கள், மணலோ கிறவல் ரோட்டோ வந்தால் நான்கு சில்லையும் போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஃப்ரீக்குத் திருப்பிவிட வேண்டும். நான் ஒருதரம் மறந்துபோய் அநுராதபுரம் போய் வந்து, இரண்டு நாளாகக் காபுரேற்றரைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன்.