அந்தேரி நைட் ஷிப்டுக்கு வாப்பா மறுக்கிறார், என்ன செய்ய?

வேலையை விடாதீர்கள். வீட்டு வாசல்வரை வண்டி உண்டு என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்கி வாப்பாவிடம் காட்டுங்கள். மகாராஷ்டிராவின் 2017 கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி இரவு 9.30க்கு மேல் வேலை என்றால் பெண்ணின் சம்மதமும் பாதுகாப்பும் கட்டாயம். சிறிய நிறுவனங்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

காக்காவுக்கு (அண்ணனுக்கு) அதே ஷிப்ட் சரி, உங்களுக்குக் கூடாது என்பது அநியாயம்தான். ஆனால் தாராவிக்கு வந்த பல வாப்பாமார் மனதில், அவர்கள் கிளம்பிய காலத்து நெல்லை மேலப்பாளையம் அப்படியே இருக்கிறது. அப்புறம் சந்து முனைப் பேச்சு வேறு. மாமி மகள்கள் இப்போது என்ன படிக்கிறார்கள், எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று உம்மாவை ஸ்பீக்கரில் போட்டு ஊரில் விசாரிக்கச் சொல்லுங்கள், வாப்பா பக்கத்தில் இருக்கும்போது. முகம் இளகினால் தடைக்குக் காரணம் மார்க்கம் (மதம்) இல்லை, ஊர்ப் பேச்சுதான்.

அடியோ மிரட்டலோ இருந்தால் இதெல்லாம் வேண்டாம். பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசுங்கள்.