டப்பாவில் கிடக்கும் சில்லறையை என்ன செய்வது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எல்லாவற்றுக்கும் போனிலேயே பணம் கட்டிப் பழகிவிட்டேன். வீட்டில் இரண்டு டப்பா நிறைய சில்லறை வருடக்கணக்காகக் கிடக்கிறது. அலமாரியில் ஒரு கட்டு நோட்டும் இருக்கிறது, அதில் சில கிழிந்தவை, சில வெளிநாட்டு நோட்டுகள். காசை உருக்கினால் கூடுதல் பணம் வரும் என்கிறார் நண்பர். பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருவதாக விளம்பரமும் வருகிறது. வைத்துக்கொள்வதா, வங்கியில் போடுவதா? இனிமேல் ரொக்கத்துக்குப் பயன் உண்டா?"

பயன் கட்டாயம் உண்டு, ஆனால் டப்பாவுக்குள் கிடக்கும்வரை இல்லை. பல வருடம் வங்கியில் காசு எண்ணும் இடத்தில் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன், காசுக்கு வேலை கைமாறுவதுதான். அது நின்றுவிட்டால் உங்களுக்கு மட்டுமல்ல, ஊருக்கே நஷ்டம்.

அமெரிக்காவின் ஒரு சென்ட் காசை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நிதியாண்டில் ஒரு காசு அடிக்க 3.69 சென்ட் ஆனது, கடைசியில் 2025 நவம்பர் 12-ஆம் தேதி புழக்கத்துக்காக அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். அடிக்கும் செலவு முகமதிப்பை விட அதிகம் என்பது மட்டும்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. ஒரு காசு இருபது, முப்பது வருடம் ஆயிரக்கணக்கான கைகளுக்குப் போய் வந்தால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், கடையிலிருந்து மீதியாக வாங்கி வந்த காசு நேராக டப்பாவுக்குப் போய்விடுகிறது, திரும்பி வருவதில்லை, அதனால் நாணயச்சாலை மறுபடி மறுபடி புதிதாக அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. 2020-ல் அதே நாட்டில் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோதும் இதுதான் நடந்தது. மொத்தக் காசு குறையவில்லை, ஓட்டம்தான் நின்றுபோனது.

சரி, உருக்கும் விஷயம். செய்யாதீர்கள். பல நாடுகளில் அது குற்றம். அமெரிக்காவில் ஒரு சென்ட், ஐந்து சென்ட் காசுகளை உருக்க 2006-லேயே தடை வந்துவிட்டது. நண்பர் சொல்வதில் ஒரு பழைய நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. 1964 வரை அமெரிக்காவின் பத்து சென்ட், இருபத்தைந்து சென்ட் காசுகளில் 90 சதவீதம் வெள்ளி இருந்தது. வெள்ளி விலை ஏறியதும் 1965-ல் வெள்ளியை எடுத்துவிட்டுத் தாமிரமும் நிக்கலும் சேர்த்து அடித்தார்கள். உடனே மக்கள் பழைய காசைப் பெட்டியில் வைத்துக்கொண்டு புதுக் காசைச் செலவழித்தார்கள், கொஞ்ச நாளில் வெள்ளிக் காசு கண்ணிலேயே படவில்லை. இன்றைய காசுகளில் அப்படி எடுக்க ஒன்றும் இல்லை. பிரிட்டன் 1992-ல் தன் ஒரு பென்னி, இரண்டு பென்னி காசுகளை வெண்கலத்திலிருந்து தாமிரம் பூசிய எஃகுக்கு மாற்றியது. ஒரு சின்னக் காந்தத்தை அருகில் கொண்டுபோனால் புதுசு சட்டென்று ஒட்டிக்கொள்ளும், பழசு அசையாது. இதை உங்கள் டப்பாவிலும் செய்து பாருங்கள். பெரும்பாலும் இரும்புதான் அகப்படும், அதை உருக்கி யாரும் பணக்காரர் ஆகப்போவதில்லை.

லட்சக்கணக்கில் தருகிறோம் என்ற விளம்பரத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். முதலில் உங்கள் காசுக்குப் பெரிய விலை சொல்வார்கள், அப்புறம் பதிவுக் கட்டணம், கமிஷன், வரி என்று உங்களிடமே வாங்குவார்கள். இந்திய ரிசர்வ் வங்கி 2021-ல் தன் பெயரைச் சொல்லி இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று எச்சரிக்கையே வெளியிட்டது. சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுத்து வாங்கும் காசுகள் உண்மையிலேயே உண்டு, ஆனால் அந்த விலை வயதைப் பார்த்து வருவதில்லை. எத்தனை அடித்தார்கள், எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்பதைப் பார்த்து வருகிறது. நூறு வருடத்துக் காசு கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டிருந்தால் அதற்குப் பெரிய மதிப்பு கிடையாது. டப்பாவைக் கொட்டிப் பிரிக்கும்போது வித்தியாசமாக ஏதாவது கண்ணில் பட்டால் விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள், முகத்தில் விரல் படவேண்டாம். முக்கியமாக, தயவுசெய்து கழுவாதீர்கள். புளி, எலுமிச்சை, பற்பசை என்று போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவருவார்கள். அந்தத் தேய்ப்பிலேயே சேகரிப்பாளர் கொடுக்கவிருந்த விலையில் பெரும்பகுதி போய்விட்டிருக்கும்.

மிச்சம் எல்லாம் வங்கிக்கு. கடையில் மூட்டையாகக் கொட்டலாம் என்று நினைக்காதீர்கள், செல்லும் காசாக இருந்தாலும் எத்தனை வாங்கவேண்டும் என்பதற்குப் பல இடங்களில் வரம்பு உண்டு. யூரோ நாடுகளில் ஒரே கட்டணத்துக்கு எண்ணிக்கையில் 50 நாணயங்களுக்கு மேல் வாங்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. வங்கிக்கும் போவதற்கு முன் போன் செய்து, எந்த நாளில் சில்லறை வாங்குகிறார்கள், எப்படிப் பிரித்துக் கொண்டுவர வேண்டும், எண்ணுவதற்குக் கட்டணம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப்போன காசு, நடுவில் கிடக்கும் சட்டைப் பொத்தான், வளைந்த ஊக்கு எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். ஒரு பொத்தான் போதும், எண்ணும் மெஷின் நின்றுவிடும், பின்னால் வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் உங்களையே பார்ப்பார்கள்.

கிழிந்த நோட்டுகளைப் பசை போட்டு நீங்களே சரிசெய்ய முயலாமல் அப்படியே கொண்டுபோங்கள். விதி நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய மைய வங்கியில் நோட்டில் பாதிக்கு மேல் இருந்தால் முழு மதிப்பும் கிடைக்கும். வெளிநாட்டு நோட்டுகளுக்கு அவசரம் அதிகம், ஏனென்றால் கெடு இருக்கலாம். ஜெர்மனியின் பழைய மார்க்கை இன்றைக்கும் அந்நாட்டு மைய வங்கியில் யூரோவாக மாற்றலாம், பிரான்ஸின் பழைய ஃபிராங்க் நோட்டுகளுக்கோ 2012 பிப்ரவரியோடு கதவு மூடிவிட்டது. இரண்டும் ஒரே அலமாரியில் இருந்த நோட்டுகள்தான், ஒன்று பணம், இன்னொன்று வெறும் காகிதம். நோட்டின் மதிப்பு தாளில் இல்லை என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடையாது. 1971-ல் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த தொடர்பை அமெரிக்கா அறுத்த பிறகு, வரியாக அரசு வாங்கிக்கொள்கிறது, அடுத்தவர் மறுக்காமல் வாங்குவார் என்கிற நம்பிக்கைதான் ஒவ்வொரு நோட்டையும் தாங்கி நிற்கிறது. தமிழில் காசுக்கும் நம்பகமான மனிதரின் குணத்துக்கும் நாணயம் என்ற ஒரே சொல் இருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகும்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மின்சாரம் மொத்தமாகப் போனது. கார்டு மெஷின்கள் பல இடங்களில் வேலை செய்யவில்லை, ஏடிஎம்மும் இல்லை, கையில் காசு வைத்திருந்தவர்களால் தண்ணீரும் ரொட்டியும் வாங்க முடிந்தது. உலகத்திலேயே ரொக்கத்தைக் குறைவாகப் பயன்படுத்தும் நாடுகளில் ஒன்றான ஸ்வீடன், 2024-ல் வீடு வீடாக அனுப்பிய நெருக்கடிக்கால வழிகாட்டியில் ரொக்கத்தைக் கையில் வைத்திருங்கள் என்று சொன்னது. வங்கிக் கணக்கில் இருப்பது வங்கி உங்களுக்குத் தரவேண்டிய பாக்கி. கையில் இருக்கும் நோட்டு அப்படி அல்ல, அதற்கு சிக்னலும் கடவுச்சொல்லும் வேண்டாம். கண் தெரியாதவர்களையும் நினைத்துப் பாருங்கள். யூரோவின் இருபது சென்ட் காசின் விளிம்பில் ஏழு குழிகள் இருக்கும், விரலை ஒரு சுற்று சுற்றினாலே எந்தக் காசு என்று தெரிந்துவிடும். வழுவழுவென்ற தொடுதிரையில் அந்த வசதி தானாக வந்துவிடாது.

ஆகவே ஒரு வாரத்துக்குச் சாப்பாடு, மருந்து, போக்குவரத்துக்கு ஆகும் தொகையை மட்டும் வீட்டில் வையுங்கள். அதற்கு மேல் அலமாரியில் தூங்கும் நோட்டுக் கட்டு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கிறது: விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் சுமார் 12 வருடத்தில் அதன் வாங்கும் சக்தி பாதியாகிவிடும். வட்டியும் கிடையாது, தீப்பிடித்தால் திருப்பித் தரவும் ஆள் இல்லை.

அந்த ஒரு வாரத் தொகையைப் பெரிய நோட்டாக வைக்காதீர்கள். மின்சாரம் இல்லாத நாளில் கடைக்காரரின் கல்லாவிலும் சில்லறை சீக்கிரம் தீர்ந்துபோகும், மீதி கொடுக்க முடியாமல் அவர் கையை விரிப்பார். உங்கள் இரண்டு டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடி பெரிய மதிப்புக் காசுகளை எடுத்து, சின்ன நோட்டுகளோடு ஒரு உறையில் போட்டு, டார்ச் வைத்திருக்கும் இடத்திலேயே வைத்துவிடுங்கள்.