பிராசசரா, கார்டா? அளந்துவிட்டுச் செலவு செய்யுங்கள்

கேள்வி: ரைசன் 5 3600, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், பி450 போர்டு, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, வாலரண்ட் மட்டும்தான். 1080பி, எல்லாம் லோ செட்டிங். சண்டை சூடுபிடித்தால் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) சரிகிறது. எதை மாற்றுவது?

பதில்: பிராசசரை. லோ செட்டிங்கில் கிராஃபிக்ஸ் கார்டுக்கு (உங்கள் 1660 சூப்பர்) வேலை குறைவு. 3600-இன் 32 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 16, 16 என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது; 5600-இல் அதே 32 ஒரே துண்டு; 5700எக்ஸ்3டி-யில் 96. இந்த வகை கேம்களுக்கு கேஷ்தான் உயிர். 5700எக்ஸ்3டி கட்டுப்படியான விலையில் கிடைத்தால் அது, இல்லையென்றால் 5600. முன்னதற்குக் கூடவே கூலர் வராது, அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய பிராசசர் போர்டில் இருக்கும்போதே பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துவிடுங்கள், அதுவும் யுபிஎஸ்ஸில் செருகிக்கொண்டு. கழற்றும் முன் பத்து நிமிடம் ஒரு கேமை ஓட்டுங்கள். பிறகு அணைத்து, வயரைப் பிடுங்கி, சூடு ஆறுவதற்குள் கூலரை இப்படியும் அப்படியும் திருகித் தளர்த்தித் தூக்குங்கள். இடையில் காய்ந்து ஒட்டிய பேஸ்ட்டோடு நேராக இழுத்தால் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து சேர்ந்தே வந்துவிடும். ஏஎம்4-இல் (உங்கள் போர்டின் சாக்கெட் வகை) பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன, வளைந்துவிட்டால் பெரும்பாடு.

கேள்வி: கேம் லேக் அடிக்குது. எதை மாத்தணும்? அர்ஜென்ட்.

பதில்: பிராசசர், கார்டு, ரேம், எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி), மானிட்டர், ஆடும் கேம். இந்த ஆறும் இல்லாத கடிதத்துக்குப் பதில் சொல்ல வழியில்லை. அதற்குள் மானிட்டர் கேபிள் கார்டில் செருகியிருக்கிறதா, மதர்போர்டிலா என்று பாருங்கள்.

கேள்வி: ஐ5-12400எஃப் வைத்திருக்கிறேன். ஆர்டிஎக்ஸ் 4070 போட்டால் 21% பாட்டில்நெக் (பிராசசர் கார்டை இழுத்துப் பிடிக்கும் அளவு) என்று ஒரு இணையதளம் காட்டுகிறது. சின்ன கார்டாக வாங்கவா?

பதில்: இந்தச் சதவீதத்தைக் கேட்டு எத்தனை கடிதம்! தயவுசெய்து அந்தத் தளங்களை மூடுங்கள். இரண்டு பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு ஒற்றை எண்ணாகத் தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியாது. இதே ஜோடியில் சைபர்பங்க் 2077-ஐ பாத் டிரேசிங்குடன் (ஒளியைக் கணக்கிட்டு வரையும், கார்டை வாட்டும் செட்டிங்) ஓட்டினால் கார்டு 99 சதவீதத்தில் முக்கும், பிராசசர் சும்மா இருக்கும். அதே பிசியில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-ஐ 1080பி லோவில் திறந்தால் பிராசசர் திணறும், கார்டு காத்திருக்கும். இதில் எது அந்த 21? எந்தக் கணினியிலும் ஏதோ ஒன்று முதலில் களைத்துத்தான் போகும், அது கோளாறே இல்லை. அந்த எண்ணுக்குப் பயந்து நல்ல போர்டையும் பிராசசரையும் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

உங்கள் பிசியிலேயே அளந்து பாருங்கள். ஆஃப்டர்பர்னர், ரிவாட்யூனர் என்ற இரு மென்பொருளையும் போட்டு, கார்டின் உழைப்பு, பிராசசரின் ஒவ்வொரு த்ரெட்டின் (ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் செய்யும் பகுதி) உழைப்பு, விரேம் (கார்டின் சொந்த நினைவகம்), ஃபிரேம்டைம் (ஒரு ஃபிரேமுக்கு ஆகும் நேரம்) நான்கையும் திரையில் வரவழையுங்கள். எஃப்பிஎஸ்ஸுக்குக் கட்டுப்போடும் வி-சிங்க், ஃபிரேம் லிமிட் இரண்டையும் அணைக்க வேண்டும். மறந்தால் அளந்ததெல்லாம் வீண். கேமில் கூட்டம் நிறைந்த இடத்தில் பத்து நிமிடம் ஆடுங்கள். கார்டு 95-க்கு மேலேயே நின்றால் அது கார்டின் எல்லை. 60, 70 என்று அலைந்தால் பிராசசரைச் சந்தேகிக்கலாம். டாஸ்க் மேனேஜரின் மொத்த சிபியு சதவீதம் ஏமாற்றும்: 12 த்ரெட்டில் ஒன்று முழுக்கத் திணறினாலும் அதன் பங்கு வெறும் 8தான். உறுதி வேண்டுமென்றால் ரெசல்யூஷனை 720பிக்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் கார்டு, அசையாவிட்டால் பிராசசர்.

1440பி மானிட்டர் வைத்திருந்தால் தயங்காமல் 4070 வாங்குங்கள். அதையும் நீங்கள் எழுதவில்லை.

கேள்வி: 3200 ரேம், 16 ஜிபி, ஒரே ஸ்டிக். டாஸ்க் மேனேஜரில் 2400 என்றுதான் வருகிறது.

பதில்: பயாஸில் எக்ஸ்எம்பி-யை (ரேமை அதன் மேல் எழுதிய வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்யுங்கள். அதே மாதிரி இன்னொரு ஸ்டிக் வாங்கி, நான்கு ஸ்லாட் போர்டானால் பிராசசரிலிருந்து எண்ணி 2, 4-இல் போடுங்கள். பிராசசரே மோசம் என்று எழுதும் பலருக்கு உண்மையான வியாதி இதுதான்.

கேள்வி: பி450 போர்டில் பிசிஐஇ 3.0தான். ஆர்டிஎக்ஸ் 4060 வீணாகுமா?

பதில்: ஆகாது. பிசிஐஇ என்பது கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் இணைப்பு; அதில் அந்தக் கார்டுக்கு 8 லேன்தான் (தரவுப் பாதை) என்றாலும் பொதுவாகச் சில சதவீத இழப்போடு போய்விடும். 8 ஜிபி விரேம் நிரம்பி வழியும்போதுதான் கேம் வெட்டி வெட்டி ஓடும். கேமின் டெக்ஸ்சர் செட்டிங்கை ஒரு படி குறையுங்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் மட்டும் போகாதீர்கள்: 4 லேன், 4 ஜிபி, 3.0 போர்டில் பலமாக அடிவாங்கும்.

கேள்வி: ஆபீஸிலிருந்து கழித்த பிசி, நான்காம் தலைமுறை ஐ5, 240 வாட் எஸ்எம்பிஎஸ். ஆர்டிஎக்ஸ் 3060 போடலாமா?

பதில்: கூடாது. கார்டு மட்டுமே 170 வாட் கேட்கும். ஹார்ட் டிஸ்க் வயரிலிருந்து 8-பின் எடுக்கும் கன்வெர்ட்டரைக் கடைக்காரர் நீட்டினாலும் வாங்காதீர்கள், வயர் உருகும். தனி மின் இணைப்பு கேட்காத 75 வாட் ஜிடிஎக்ஸ் 1650தான் அந்தப் பெட்டியின் உச்சம். அப்போதும் நான்கு த்ரெட் பிராசசர் புதிய கேம்களில் தடுமாறும். பணத்தைச் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: ஐ7-8700, ஆர்டிஎக்ஸ் 2060. 4கே டிவியில் கதை கேம்கள் ஆடுகிறேன். எதை மாற்ற?

பதில்: கார்டை. 4கே-யில் 6 ஜிபி விரேம் போதாது. பிராசசர் இன்னும் சில வருடம் தாங்கும். எஸ்எம்பிஎஸ் 650 வாட்டாவது, பெயர் தெரிந்த தயாரிப்பாக இருக்கட்டும். கார்டு இரண்டு 8-பின் கேட்டால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனி கேபிள் இழுங்கள். ஒரே கேபிளின் இரு தலையைச் செருகவேண்டாம். கன்வெர்ட்டர் இங்கேயும் கூடாது.