கண்டிச் சீமைக் காப்பியும் திருநெல்வேலிச் சனமும்: கேள்வி பதில்

இலங்கைக் காப்பித் தோட்டங்களின் வரலாறு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

இலங்கை என்றாலே தேயிலைதான் நினைவுக்கு வருகிறது. அங்கே காப்பி எப்போது விளைந்தது ஐயா? (பாளையங்கோட்டை ஆசிரியை ஒருவர்)

தேயிலைக்கு முன்னால் ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் காலம் அந்தத் தீவின் வரவு செலவே காப்பியை நம்பித்தான் இருந்தது அம்மா. டச்சுக்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டில் கடலோரத் தாழ்நிலங்களில் அதைப் பயிரிட்டுப் பார்த்தார்கள், பெரிதாகத் தேறவில்லை. கண்டி மலையோரச் சிங்களக் கிராமங்களில் வீட்டுத் தோட்டத்துச் செடியாக அது ஏற்கெனவே இருந்தது. அதன் பூவைக் கோயிலில் படைத்தார்கள். 1815-ல் கண்டி அரசு ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1824-ல் ஜார்ஜ் பேர்ட் என்பவர் கம்பளைக்கு அருகே தோட்டம் போட்டார். அவரை ஊக்குவித்த கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸ், பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொருவையில் தாமே ஒரு தோட்டம் வைத்துக்கொண்டார். ஆளுகிறவரே தோட்டக்காரராகவும் இருந்தால் கொழும்பு–கண்டிச் சாலை விரைவாக முடிந்ததில் வியப்பென்ன? அந்தச் சாலையை, ராஜகாரியம் என்ற பழைய கட்டாய ஊழியத்தைக் கொண்டே போட்டார்கள்.

உண்மையான பாய்ச்சல் 1835-க்குப் பின்னால்தான் வந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததும் அங்கே காப்பி விளைச்சல் சரிந்தது. அதே சமயத்தில், இலங்கைக் காப்பிக்கும் மேற்கிந்தியக் காப்பிக்கும் பிரிட்டனில் ஒரே இறக்குமதி வரி என்றாயிற்று. 1837-ல் வந்த ராபர்ட் பாய்ட் டைட்லர், ஜமைக்காவில் கற்ற சாகுபடி முறைகளைக் கண்டி மலைக்குக் கொண்டுவந்தார்.

அவ்வளவு நிலம் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது?

1840-ல் வந்த 12-ஆம் எண் கட்டளைச் சட்டத்தின்படி, பத்திரத்தால் உரிமையை நிறுவ முடியாத காடும் சேனை நிலமும் (காட்டை எரித்து மாற்றி மாற்றிப் பயிரிடும் நிலம்) ஆங்கில முடிக்குரியவை என்று கொள்ளப்பட்டன. அவற்றை ஏக்கர் 5 ஷில்லிங் வீதத்தில் விற்றார்கள். வாங்கியவர்களில் அரசு அதிகாரிகளும் படை அதிகாரிகளும் நிறையப் பேர்.

சிங்களவர்கள் சோம்பேறிகள், அதனால்தான் நம் ஆட்களைக் கூட்டிப் போனார்கள் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். சரியா அண்ணாச்சி? (கோவில்பட்டி வாசகர்)

சரியில்லை தம்பி. அது தோட்டத் துரைமாரின் புலம்பல். நாம் அதை அப்படியே வாங்கிக்கொண்டோம். சிங்களக் குடியானவருக்குச் சொந்த வயல் இருந்தது; வீட்டுத் தோட்டத்தில் சொந்தக் காப்பியும் இருந்தது. அந்தக் கிராமத்துக் காப்பி நெடுங்காலம் ஏற்றுமதியில் கணிசமான பங்கு வகித்தது. காடு வெட்டும் குத்தகையையும் வண்டியோட்டத்தையும் அவர்கள் விரும்பியே செய்தார்கள். இன்னொருவர் காட்டில், பெரட்டில் (காலையில் ஆள் எண்ணும் இடத்தில்) பேர் கொடுத்து நாள்கூலிக்கு நிற்க மட்டுமே மறுத்தார்கள். சொந்த நிலம் உள்ளவர் எவரும் மறுக்கத்தான் செய்வார்.

நம் பக்கத்தின் நிலைமை வேறு. திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் நிலமற்றவர்கள்; சாதியால் அடக்கி வைக்கப்பட்டவர்கள். 1843-ல் அடிமைத்தனத்துக்கு இருந்த சட்ட அங்கீகாரம் நீங்கிய பிறகும் பண்ணையாள் கடனில் கட்டுண்டே கிடந்தார். மழை பொய்த்தால் கஞ்சிக்கும் வழி இல்லை. தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877-ஆம் ஆண்டில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இலங்கைக்குக் கடல் கடந்தார்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. காப்பி, பருவப் பயிர். பழம் பறிக்கும் வேலை ஆண்டின் கடைசி மாதங்களில் குவியும். அதற்கு முன்னதாகப் போய், பறிப்பு முடிந்ததும் புறப்பட்டால் மாசி, பங்குனியில் வரும் பிசான நெல் அறுப்புக்கு ஊர் வந்து சேர்ந்துவிடலாம். ஆகவே காப்பிக் காலத்துப் பயணம், பெரும்பாலும் ஆண்கள் போய்த் திரும்பிய பயணம். மலையகத் தமிழரின் வரலாற்றைத் தேயிலையிலிருந்து தொடங்குகிறவர்கள் இந்தப் போக்குவரத்துக் காலத்தைத் தவறவிட்டு, அவர்கள் முதல் நாளிலேயே அங்கே குடியேறியவர்கள் என்று எழுதிவிடுகிறார்கள்.

எந்த வழியாகப் போனார்கள்? வழியில் இவ்வளவு பேர் இறந்தார்கள் என்று சொல்வது மிகையா? (சாத்தான்குளம், இராதாபுரத்திலிருந்து வந்த கேள்விகள்)

தூத்துக்குடியிலிருந்து தோணியில் கொழும்புக்குப் போனவர்கள் உண்டு. ஆனால் காப்பிக் காலத்தில் கூட்டம் கூட்டமாகப் போனது வடக்கு வழியில்தான். ஊரிலிருந்து ராமநாதபுரம் கடற்கரைக்கு நடந்து, பாம்பன் அல்லது தேவிபட்டினத்தில் படகேறி, மன்னார்க் கரையில் இறங்குவார்கள். அங்கிருந்து நூறு மைலுக்கும் மேல், ஆளில்லாத வறண்ட காட்டுக்குள் நடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு ஏற வேண்டும். குளங்கள் வற்றிக் கிடக்கும். இருக்கிற நீரும் கலங்கல். காலராவும் அம்மையும் கூட்டத்தோடு கூடவே நடந்தன. நடக்க முடியாதவரை வழியில் விட்டுப்போவது வழக்கமாயிற்று. மலையேறியவர்களுக்கு அடுத்ததாகக் குளிர். நம் வெயிலுக்குப் பழகிய உடம்பில் ஒற்றைத் துணி.

1841 முதல் 1848 வரை வந்தவர்களில் நான்கில் ஒருவர், அதாவது 70,000 பேர் மாண்டார்கள் என்று அக்காலக் கொழும்புப் பத்திரிகை ஒன்று 1849-ல் கணக்கிட்டது. அந்த எண்ணை ஆய்வாளர்கள் எல்லோரும் ஏற்கவில்லை; திரும்பிப் போனவர்களைச் சரியாக எண்ணாததால் இறப்பு மிகைப்பட்டிருக்கலாம் என்பது ஒரு வாதம். எண்ணைக் குறைத்துக்கொண்டாலும் அது பெருஞ்சாவு என்பதை மறுக்க இயலாது என்பதே என் கருத்து.

கங்காணி நல்லவரா, கெட்டவரா?

இரண்டும்தான். கங்காணி என்பவர் தோட்டத்துக்கு ஆள் சேர்த்து, அவர்களை மேய்ப்பவர். அவர் பெரும்பாலும் கூட்டத்தாரின் ஊர்க்காரராகவோ சொந்தக்காரராகவோ இருப்பார். தோட்டத்தில் முன்பணம் வாங்கி, ஊருக்கு வந்து, பழைய கடனை அடைத்து, வழிச்செலவு செய்து ஆட்களைக் கூட்டிப் போவார். செலவழித்ததெல்லாம் போனவர் பெயரில் கடனாக ஏறும். கூலி மாதக்கணக்கில் தாமதமாகும். அரிசி விலை அதில் பிடிக்கப்படும். காட்டில் காய்ச்சல் கண்டால் கைகொடுப்பவரும் அவர்தான், கணக்கு முடிந்து ஊர் திரும்ப விடாதவரும் அவர்தான். கடன் தொகையை எழுதி, அதைக் கட்டினால் ஆளை விடுவதாகச் சொல்லும் ‘துண்டு’ முறை, பின்னால் தேயிலைக் காலத்தில் இறுகியது, 1921-ல் ஒழிக்கப்பட்டது.

இவ்வளவு செழித்த காப்பி ஒரே நோயில் அழிந்ததா?

நோயும் பேராசையும் சேர்ந்து அழித்தன. 1869-ல் மடுல்சீமைப் பக்கத்தில் இலைத்துரு முதலில் கண்ணில் பட்டது. இலையின் அடிப்புறத்தில் வட்டவட்டமாகச் செம்மஞ்சள் பொடி படிந்திருக்கும். பெருவிரலால் தேய்த்தால் விரலில் ஒட்டும். இலை உதிரும், செடி மறுபடி துளிர்க்கும், துளிரிலும் பொடி ஏறும். இப்படியே தன் சத்தை இலைக்கே செலவிட்ட செடியில் காய் பிடிக்காது.

ஆனால் 1870-களில் உலகச் சந்தையில் காப்பி விலை ஏறியிருந்தது. ஏக்கருக்கு நாலரை அந்தர் (ஓர் அந்தர் 112 ராத்தல்) கண்ட இடத்தில் இரண்டு அந்தராகக் குறைந்தும் கையில் காசு புரண்டதால், துரைமார் நோயைப் பொருட்படுத்தாமல் கடன் வாங்கி, மேலும் மேலும் காடழித்து நட்டார்கள். மலைக்கு மலை தடையில்லாமல் ஒரே பயிர் என்றானதும், காற்றில் பறக்கும் பூஞ்சை வித்துக்கு வழி திறந்தது. 1880-ல் ஆராய வந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் அந்தப் பூஞ்சையின் வாழ்க்கையை விளக்கிக் காட்டினார். மருந்து காட்ட அவராலும் முடியவில்லை. விலையும் விழுந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி 1884-ல் முறிந்தது. இடையில் சிங்கோனா (கொயினா மருந்துப் பட்டை தரும் மரம்) நட்டுப் பார்த்து, எல்லோரும் நட்டதால் அதன் விலையையும் தாங்களே கெடுத்துக்கொண்டார்கள்.

தேயிலை வந்ததும் நம்மவர்களுக்கு என்ன மாறியது?

ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத் துரை 1867-லேயே கண்டிப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கர் தேயிலை நட்டிருந்தார். காப்பி செத்த பிறகே மற்றவர்கள் அதன் பக்கம் திரும்பினார்கள். தேயிலைக்குப் பருவம் கிடையாது; கொழுந்தை ஆண்டு முழுக்கப் பறிக்க வேண்டும். ஆகவே பெண்களும் பிள்ளைகளும் தேவைப்பட்டார்கள், லயங்கள் (வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்புகள்) நிரந்தரமாயின, பிசான அறுப்புக்குத் திரும்பும் வழக்கம் அற்றுப்போனது.

என் பூட்டனார் காப்பித் தோட்டத்துக்குப் போனவர். அவர் பெயருள்ள ஆவணம் கிடைக்குமா அண்ணாச்சி? (நாசரேத் வாசகர்)

மொரீஷியசுக்கும் நேட்டாலுக்கும் போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள். அவர்களுக்குப் பெயரும் ஊரும் எழுதிய கப்பல் பதிவு உண்டு. இலங்கைக்குப் போனவர்கள் அப்படி ஒப்பந்தத்தில் போகவில்லை. கரையில் தலையை எண்ணினார்களே தவிரப் பெயரைப் பெரும்பாலும் எழுதவில்லை. நீங்கள் நாசரேத்துக்காரர் என்பதால் வேறு வழி இருக்கிறது. 1854-ல் கண்டியில் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்குத் திருநெல்வேலித் திருச்சபை உபதேசியார்களை அனுப்பியது. எனவே குடும்பம் அப்போதே கிறிஸ்தவக் குடும்பம் என்றால் உங்கள் சேகரத்து (திருச்சபை வட்டாரத்து) ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளை முதலில் பாருங்கள். அடுத்து, வீட்டில் பழைய ஒத்திப் பத்திரம் எதுவும் கிடந்தால் அதைத் தூக்கிப் போடாமல் ஆண்டைப் பாருங்கள். கண்டிக்குப் புறப்படுமுன் கடனுக்கு ஒத்தி வைத்து, திரும்பி வந்து மீட்ட நிலமாக அது இருக்கலாம்.