கபாலபாதி செய்தால் சளி வெளியேறுமா? சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள குழந்தைக்கு யோகா

மதுரையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "என் மகளுக்கு 11 வயது. 4 வயதில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று கண்டுபிடித்தார்கள். காலை, மாலை நெபுலைசர், அதன் பிறகு படுக்கவைத்து முதுகு தட்டிச் சளி எடுப்பது, சாப்பாட்டோடு என்சைம் மாத்திரை என்று நாட்கள் ஓடுகின்றன. எங்கள் பகுதியில் யோகா நடத்தும் மாஸ்டர், கபாலபாதியும் ஜலநேதியும் தினமும் செய்தால் சளி முழுக்க வந்துவிடும், அப்புறம் தட்டவே வேண்டாம் என்கிறார். வீட்டில் பெரியவர்களும் அதையே சொல்கிறார்கள். மகளுக்கும் முதுகு தட்டினால் அழுகை வருகிறது. யோகாவில் சேர்க்கலாமா?"

தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் சளி எடுக்கும் சிகிச்சையை ஒரு வேளைகூட விட வேண்டாம். வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும், மூக்கின் ஒரு துளையில் தண்ணீர் ஊற்றி மறு துளை வழியாக வெளியேற்றும் ஜலநேதியும் உங்கள் மகளுக்கு ஆகாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வீட்டுப் பெரியவர்களிடமும் அந்த மாஸ்டரிடமும் பேசப்போவது நீங்கள்தானே.

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு ஒவ்வொன்று வந்து சேரும்போது வரும் நோய் இது. சிஎஃப்டிஆர் என்ற அந்த மரபணுவை 1989இல் கண்டுபிடித்தார்கள். செல்லின் சுவரில் குளோரைடு போய்வரும் வாசலை அமைப்பது அதன் வேலை. வாசல் சரியாகத் திறக்காததால் மூச்சுக்குழாயின் உட்புறம் ஈரம் குறைந்து, சளி கெட்டியாகி ஒட்டிக்கொள்கிறது. சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகளால் அதை அசைக்க முடியாது. தேங்கிய சளியில் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் தங்கிவிடுகின்றன, மூச்சுக்குழாய்கள் மெல்ல மெல்லப் பழுதாகி அகன்றுவிடுகின்றன. எந்த ஆசனமும் மரபணுவைத் திருத்தாது. யோகாவால் இந்த நோய் குணமாகும் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இனி கபாலபாதி. மூச்சை வேகமாக வெளியே தள்ளினால் சளியும் கூடவே வரும் என்ற எண்ணம் பார்ப்பதற்கு நியாயமாகத்தான் படும். பிசியோதெரபியிலும் 'ஹஃப்' என்று, வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் மூச்சை விடச் சொல்கிறோம். ஆனால் ஹஃப்புக்கு முன்னால் மூச்சை ஆழமாக இழுத்து 2, 3 நொடி நிறுத்துகிறோம். அப்போதுதான் சளிக்குப் பின்னால் காற்று போய்ச் சேரும். அந்தக் காற்று வெளியே வரும்போதுதான் சளி நகரும். ஒன்றிரண்டு ஹஃப் முடிந்ததும் நிதானமாக மூச்சு விட்டு ஓய்வும் எடுக்கிறோம். கபாலபாதியில் உள்மூச்சு தானாகச் சிறிதளவே போகிறது, அதனால் சளிக்குப் பின்னால் காற்றே சேர்வதில்லை. இடைவெளியில்லாமல் வயிற்றை அடித்து அடித்து மூச்சைத் தள்ளும்போது, ஏற்கெனவே தளர்ந்துபோன மூச்சுக்குழாய்கள் அமுங்கிக் காற்று உள்ளேயே அடைபடலாம். இருமல் தொடர்ந்து வாந்தியில் முடியலாம். நுரையீரலின் உறையில் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கும் ஆபத்தும் இருக்கிறது. நுரையீரல் நோய் எதுவும் இல்லாத ஓர் இளம்பெண்ணுக்குக் கபாலபாதியால் அப்படி ஆனது 2004இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அரிதுதான். ஆனாலும் நுரையீரல் பழுதான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளுக்கு அந்தக் காற்றுக் கசிவு தானாகவே வரக்கூடிய சிக்கல். தெரிந்தே வலியப்போய் அழைக்க வேண்டாம். துருத்திபோல் மூச்சை வேகமாக இழுத்து விடும் பஸ்திரிகாவுக்கும், மூச்சை நெடுநேரம் அடக்கும் கும்பகத்துக்கும் இதே பதில்.

ஜலநேதியில் பிரச்சினை தண்ணீர். குழாய்த் தண்ணீரிலும், ஈரம் காயாத நேதிச் சொம்பிலும் சூடோமோனாஸ் எளிதாக வளரும். நாம் ஆண்டுக்கணக்கில் எந்தக் கிருமியை நுரையீரலுக்குள் விடாமல் பார்த்துக்கொள்கிறோமோ அதையே மூக்கு வழியாக ஊற்றிவிடக் கூடாது. மூக்கில் ஏறும் தண்ணீர் மூலம் மூளையைத் தாக்கும் அமீபா 2024இல் கேரளத்தில் சிறுவர்களின் உயிரைப் பறித்ததையும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இந்த நோயில் சைனஸ் அடைப்பும் மூக்கில் சதை வளர்வதும் சகஜம். அதற்காக மூக்கைக் கழுவச் சொல்லி காது மூக்கு தொண்டை மருத்துவரே எழுதிக் கொடுப்பதுண்டு. அப்படி அவர் சொன்னால், கிருமி நீக்கிய உப்புநீரில், ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவைத்த பாட்டிலில், வீட்டிலேயே செய்யுங்கள். வகுப்பில் எல்லோரும் வரிசையில் நின்று செய்வது வேறு. உப்புநீர் குடித்து வாந்தி எடுக்கும் குஞ்சல் கிரியையை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

சரி, அழுகைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். 11 வயதுப் பிள்ளையைக் குழந்தையாக இருந்தபோது செய்த மாதிரியே படுக்கவைத்துத் தட்டிக்கொண்டிருந்தால் அவளுக்கு வெறுத்துப் போகத்தான் செய்யும். இந்த வயதில் அவளே உட்கார்ந்து செய்துகொள்ளக் கூடிய முறைகள் இருக்கின்றன. மூச்சுச் சுழற்சிப் பயிற்சியும் ஹஃப்பும் சேர்ந்தது ஒன்று. ஊதும்போது அதிர்வு தரும் கைக்கருவி இன்னொன்று. 'ஆட்டோஜெனிக் டிரெய்னேஜ்' மூன்றாவது. பெல்ஜியத்தில் ழான் ஷெவாலியே என்ற பிசியோதெரபிஸ்ட் 1967இல் உருவாக்கிய முறை இது. முதலில் நுரையீரலின் அடிமட்டத்தில் சிறு மூச்சுகள், பிறகு நடுமட்டம், கடைசியில் மேல்மட்டம் என்று மூச்சின் அளவை மட்டும் மாற்றி, சளியை அடியிலிருந்து படிப்படியாக மேலே கொண்டுவருவார்கள். இதைப் பழகப் பொறுமையும் தன் மூச்சைக் கவனிக்கும் பழக்கமும் வேண்டும். யோகா உண்மையாகவே கைகொடுப்பது இங்கேதான். மூச்சு இப்போது எங்கே போகிறது, விலா எவ்வளவு விரிகிறது என்று உணரத் தெரிந்த பிள்ளை இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அடுத்த முறை போகும்போது, தட்டுவதற்குப் பதிலாக அவளே செய்யும் ஒரு முறையைக் கற்றுத்தரும்படி உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை தட்டுவது தொடரட்டும்.

யோகாவில் வேறு என்ன கிடைக்கும்? ஓயாத இருமலில் தோள்கள் முன்னால் வளையும், முதுகு கூனும், கழுத்துத் தசை இறுகும், விலாக்கூடு விரிந்தபடியே விறைத்துப்போகும். தாடாசனத்தில் கைகளை உயர்த்தி நிற்பது, பக்கவாட்டில் வளைவது, பூனைபோல் முதுகை ஏற்றி இறக்குவது, உயரம் குறைத்த புஜங்காசனம், உட்கார்ந்தபடி மெதுவாகத் திரும்பும் அர்த்த மத்ஸ்யேந்திராசனம் எல்லாம் இதற்கு நல்லவை. சுருட்டிய துண்டை முதுகின் குறுக்கே வைத்து, கைகளை விரித்து 2, 3 நிமிடம் மல்லாந்து படுத்தாலே மார்பு திறப்பது அவளுக்குத் தெரியும். விருட்சாசனமும் வீரபத்ராசனமும் காலுக்கும் எலும்புக்கும் பலம் தரும். ஆனால் விருட்சாசனத்தைச் சுவரோரமாகச் செய்யட்டும். டோப்ராமைசின், அமிகாசின் போன்ற ஆன்டிபயாடிக் ஊசி பல முறை போட்ட பிள்ளைகளுக்குக் காதின் சமநிலை உறுப்பு பாதிக்கப்படலாம். கண்ணை மூடி நின்றால் தள்ளாடுகிறாள் என்றால் அது பயிற்சிக் குறைபாடு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சூரிய நமஸ்காரம் நல்ல உடற்பயிற்சியும்கூட. மூச்சு வாங்கினாலும் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடிகிற வேகம் போதும். இடையில் இருமல் வந்தால் நிறுத்தி, சளியைத் துப்பிவிட்டுத் தொடரட்டும். அந்த இருமலை அடக்கச் சொல்லும் ஆசிரியர் வேண்டாம். சாப்பிட்டு 2 மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். சிரசாசனம், சர்வாங்காசனம் போன்ற தலைகீழ் ஆசனங்கள் வேண்டாம். தலை தாழ்ந்தால் சளி தானாக வடியும் என்பது பழைய நம்பிக்கை. பிசியோதெரபியில் முன்பு தலையைத் தாழ்த்திப் படுக்கவைத்த முறையையே, வயிற்றிலிருப்பது எதுக்களித்து மூச்சுக்குழாய்க்குள் போகும் என்பதால், இப்போது பெரும்பாலும் விட்டுவிட்டோம். கல்லீரலோ மண்ணீரலோ வீங்கியிருந்தால் வயிற்றை அழுத்தும் மயூராசனம், தனுராசனம் கூடாது. எலும்பு அடர்த்தி குறைவு என்று ஸ்கேனில் வந்திருந்தால் பஸ்சிமோத்தானாசனம் போல முதுகை இழுத்து வளைப்பதும் கூடாது. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவள் என்றால் வகுப்புக்கு முன் அளவு பார்த்துவிட்டுப் போகட்டும்.

பிராணாயாமத்தில் பிரமரி நல்லது. ரீங்காரத்தோடு மூச்சு நீளமாக வெளியேறும், மனமும் அடங்கும். மூக்கின் ஒவ்வொரு துளையாக மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடி சுத்தியை மூச்சை நிறுத்தாமல் செய்யலாம். மூக்கில் சதை வளர்ந்து ஒரு பக்கம் அடைத்திருந்தால் அதையும் கட்டாயப்படுத்தாதீர்கள், சிரமப்பட்டு இழுப்பதில் எந்தப் பலனும் இல்லை. படுத்தபடி உடலையும் மனதையும் தளர்த்தும் யோக நித்திரையை மட்டும் தவறாமல் கற்றுக்கொடுங்கள். ரத்தம் எடுக்கும் நாளிலும் ஆஸ்பத்திரியில் தங்கும் இரவுகளிலும் அதன் அருமை தெரியும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பிள்ளைகளுக்கு யோகா சொல்லிக்கொடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2016இல் வெளியானது. மிகச் சிறிய ஆய்வுதான், ஆனால் பதட்டமும் மூட்டுவலியும் குறைந்தன. சளி சிகிச்சையை நிறுத்தலாம் என்று அது சொல்லவில்லை.

பெண் குழந்தை என்பதால் இன்னொன்று. பலமாக இருமும்போது சிறுநீர் சொட்டுவது இந்த நோயில் சிறுமிகளுக்கும் வரும். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்ல மாட்டார்கள். அதற்குப் பயந்தே இருமலை அடக்கி, சளியைத் தேக்கிவைப்பார்கள். தனியாக இருக்கும்போது அன்பாகக் கேளுங்கள். மூலபந்தத்தில் இறுக்கும் அதே இடுப்படித் தசைகளை இருமலுக்கு ஒரு கணம் முன்னால் இறுக்கப் பழகினால் பெரிய நிவாரணம் கிடைக்கும். பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் சொல்லித்தந்தால் அவளுக்கும் கூச்சம் இருக்காது.

மதுரை வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1948இல் நியூயார்க்கில் வெப்ப அலை அடித்தபோது சுருண்டு விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளில் இந்த நோய் உள்ளவர்கள் அதிகமாக இருந்தார்கள். பால் டி சான்ட் ஆக்னெஸே என்ற மருத்துவர் அதைத் தொடர்ந்து ஆராய்ந்து, இவர்களின் வியர்வையில் உப்பு மிகையாக வெளியேறுவதை 1953இல் காட்டினார். உங்கள் மகளுக்குச் செய்த வியர்வைப் பரிசோதனை அதிலிருந்து வந்ததுதான். ஆகவே பயிற்சி விடியற்காலையில், காற்றோட்டமான இடத்தில் நடக்கட்டும். சித்திரை, வைகாசியில் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். உப்புப் போட்ட மோரோ ஓஆர்எஸ் கரைசலோ கூடவே இருக்கட்டும், எவ்வளவு உப்பு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சோர்வு, தசைப்பிடிப்பு, வாந்தி என்று வந்தால் உப்பு குறைந்திருக்கலாம். அன்றே காட்டுங்கள்.

நாள் ஒழுங்கை இப்படி வைத்துக்கொள்ளலாம். முதலில் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தும் உப்புநீர் நெபுலைசரும், அப்புறம் 10 நிமிடம் மார்பைத் திறக்கும் ஆசனங்கள், உடனே சளி எடுப்பது, ஆன்டிபயாடிக் நெபுலைசர் இருந்தால் அது கடைசியில். சளி நீங்கிய குழாய்களில்தான் அந்த மருந்து நன்றாகப் படியும். காய்ச்சல் இருந்தாலோ, சளியின் நிறம் மாறினாலோ, இருமல் கூடினாலோ ஆசனங்களை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், சளி எடுப்பதை மட்டும் கூட்டுங்கள். சளியில் ரத்தம் வந்தாலும், திடீரென ஒரு பக்கம் நெஞ்சு வலித்து மூச்சு முட்டினாலும் நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, கூட்டத்தோடு ஒரே பயிற்சியைச் செய்யவைக்கும் இடத்தைவிட, ஆளைப் பார்த்துப் பயிற்சி அமைக்கும் ஆசிரியரைத் தேடுங்கள். சென்னையில் டி.கே.வி. தேசிகாச்சார் 1976இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் அப்படி ஒருவருக்கு ஒருவர் கற்பிக்கும் வழக்கத்துக்குப் பெயர் பெற்றது. பிஎன்ஒய்எஸ் என்ற இயற்கை மருத்துவ, யோகா பட்டப்படிப்பு படித்த மருத்துவர்களிடமும் கேட்கலாம். விரிப்பு அவளுடையதாகவே இருக்கட்டும், துவைத்து வெயிலில் காயவையுங்கள். யாராவது சளி, காய்ச்சலோடு வந்திருந்தால் அன்று வீட்டிலேயே செய்யட்டும். இதே நோயுள்ள இன்னொரு பிள்ளை அந்த வகுப்பில் இருந்தால் இருவரையும் ஒரே அறையில் விடாதீர்கள். இந்தப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் ஆபத்தான கிருமிகளைக் கடத்திவிட முடியும் என்பதால், 6 அடி விலகியிருக்கச் சொல்வது உலகெங்கும் உள்ள நடைமுறை. நேரில் பார்க்க முடியாத அந்த இரண்டு பிள்ளைகளும் வீடியோவில் சேர்ந்து யோகா செய்யலாம்.

உங்கள் நெஞ்சக மருத்துவரிடம் கபாலபாதி, பஸ்திரிகா, கும்பகம், ஜலநேதி, தலைகீழ் ஆசனங்கள் கூடாது என்று ஒரு தாளில் எழுதி வாங்கி மாஸ்டரிடம் கொடுங்கள். கெட்ட எண்ணத்தில் அவர் சொல்லியிருக்க மாட்டார், இந்த நோயுள்ள பிள்ளையை அவர் முன்பு பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. தாளைப் படித்துவிட்டு, என்ன செய்யலாம் என்று உங்களிடம் கேட்டார் என்றால் அவரிடமே சேர்த்துவிடுங்கள்.