ஏமாற்றியது போன் இல்லை!

கேள்வி: பௌர்ணமி அன்று காசிமேட்டில் கடலிலிருந்து நிலா தாம்பாளம் மாதிரி எழும்பியது. போனில் எடுத்தால் துளியூண்டு வந்திருக்கிறது. கடலோரக் காற்று லென்ஸ் போல நிலாவைப் பெரிதாக்குகிறது என்கிறார் நண்பர். அப்படியானால் கேமரா மட்டும் ஏன் ஏமாற்றுகிறது?
- வாசகர், ராயபுரம்

பதில்: கேமரா ஏமாற்றவில்லை, நீங்கள்தான் ஏமாந்தீர்கள். போனை மாற்றிவிடாதீர்கள், பணமாவது மிஞ்சட்டும்.

நண்பரின் காற்றுக் கதை தலைகீழ். அடிவானத்தில் காற்று ஒளியை வளைப்பது உண்மைதான். ஆனால் அது நிலாவை மேலும் கீழுமாகக் கொஞ்சம் நசுக்குமே தவிர, ஊதிப் பெரிதாக்காது. அந்தச் செந்நிறம் வேண்டுமானால் காற்றின் கைவண்ணம். இன்னொரு வேடிக்கை கேளுங்கள்: கடலை ஒட்டி நிற்கும் நிலா, உச்சிக்கு வந்த நிலாவைவிட நமக்குச் சுமார் 6,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கணக்குப்படி ஒன்றரை சதவீதம் சிறியதாகத்தான் தெரிய வேண்டும்!

பெரிதாக்குவது மூளை. கண்ணில் விழும் பிம்பம் இரண்டு நேரத்திலும் ஏறக்குறைய ஒரே அளவுதான், அரை டிகிரி கோணம். கேமரா அதை அப்படியே பதிவு செய்யும், மூளை அப்படியே ஒப்புக்கொள்ளாது. பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தானே முடிவு செய்து, அதற்கேற்ப அளவைக் கூட்டும், குறைக்கும். காசிமேட்டில் முதலில் விசைப்படகுகள், அப்புறம் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள், அதற்கும் அப்பால் நிலா. இத்தனை தூரத்திலும் இந்த அளவு தெரிகிறதென்றால் பெரிய பொருள்தான் என்று தீர்ப்பெழுதிவிடுகிறது. உச்சி வானில் ஒப்பிட ஒன்றுமில்லை, அதனால் அங்கே சிறிதாகத் தெரிகிறது. 11-ம் நூற்றாண்டிலேயே அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம், இது மனம் செய்யும் வேலை என்று இந்த வழியில் யோசித்துவிட்டார். முழுக் காரணமும் இதுதானா என்று விஞ்ஞானிகள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். காற்று காரணம் இல்லை என்பதில் மட்டும் சண்டை இல்லை.

சந்தேகமா? அடுத்த பௌர்ணமிக்கு ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி, சுண்டுவிரல் நகத்தால் நிலாவை மறையுங்கள். தாம்பாளம் நகத்துக்குள் அடங்கிவிடும். நடுராத்திரி மொட்டை மாடியில் இன்னொரு முறை செய்யுங்கள், அப்போதும் அதே நகம் போதும். ஆனால் கடற்கரையில் விரலை எடுத்ததும் நிலா பழையபடி பெரிசாகிவிடும். விஷயம் தெரிந்தவர் என்பதற்காக மூளை சலுகை தராது. இன்னொரு வழியும் உண்டு: திரும்பி நின்று, குனிந்து, கால்களுக்கு நடுவே தலைகீழாகப் பார்த்தால் பலருக்கு நிலா சுருங்கித் தெரியும். காசிமேட்டில் இதைச் செய்வதானால் தெரிந்தவர் கண்ணில் படாத இடமாகப் பாருங்கள். விளக்கம் சொல்லி மாளாது.